கதிரவெளியில் ஏழாவது அடி

மட்டக்களப்புக்கு நான் கொண்டுபோனது ஒரு ஜாஸ் சீடி. அனுப்பியவர் ஜோயல், சென்னையில் எங்கள் மாடிவீட்டில் குடியிருக்கும் பியானோக்காரர். சுனாமிக்கு அடுத்த ஆண்டு நிவாரண வேலைக்காகக் கிழக்கிலங்கைக்குப் போனவர், கதிரவெளிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர்களின் குரலைச் சிறிய கருவி ஒன்றில் பதிவுசெய்து வந்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் சில ஆண்டுகள் வைத்திருந்தார். போர் முடிந்த மறு ஆண்டு அவருடைய ஆல்பம் தயாரானது. அதன் நான்காவது பாட்டு அந்தக் குரலில்தான் தொடங்குகிறது.

குரலுக்குரியவர் பெயர் வேலாயுதம். சண்டையில் இறந்துவிட்டார் என்று அந்தப் பக்கத்துப் பாதிரியார் ஒருவர் ஜோயலிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மனைவி யோகம்மா ஊரில் இருக்கிறார். அவர் கேட்டுச் சரி என்று சொல்லாமல் ஆல்பத்தை வெளியிடுவதில்லை என்று ஜோயல் உறுதியாக இருந்தார். ஆனால் அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, பயணம் கூடாது. நான் செய்தித்தாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தேன். "முன்பின் தெரியாத ஊரில் வீடு கண்டுபிடிப்பது உங்களுக்குத்தான் பழக்கம்" என்றார்.

ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாஸில் பெரும்பாலானவை நான்கு நான்காகப் போகும். ஜோயலுடைய ஆல்பத்தில் நான்கே கிடையாது. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று. எங்கள் ஊரில் ஏழு என்றால் யாருக்கும் வியப்பில்லை. மிருதங்கக்காரர் "மிஸ்ரம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். ஆனால் அவர் ஏழை மூன்றும் நான்குமாகப் பிரிப்பார். வேலாயுதத்தின் ஏழு மூன்று, மூன்று, ஒன்று. அந்தக் கடைசி ஒன்றில் ஒலியே இல்லை. கடல் மட்டும் கேட்கிறது. இப்படி ஒரு பிரிப்பைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று ஜோயல் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றே வேலாயுதத்திடம் காரணம் கேட்டாராம். அவர் சிரித்துவிட்டு, "இஞ்ச அப்பிடித்தான்" என்றாராம்.

மட்டக்களப்பில் ரயிலைவிட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. வாவிக்கரையில் இருந்த விடுதியில் இடியப்பமும் பால்சொதியும் கொடுத்தார்கள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் கொதித்தும் கொதிக்காமலும் இறக்கிய மஞ்சள் குழம்பு. சென்னையில் நாங்கள் தேங்காயைப் பாசம் காட்டுவதுபோல் அளந்து போடுவோம். இங்கே அதில்தான் சமைக்கிறார்கள். மண்சட்டியில் எருமைத் தயிர் வந்தது. கரண்டியை நட்டால் நின்றது.

விடுதிக்காரர் கல்லடிப் பாலத்துக்குப் போகச் சொன்னார். வாவியில் மீன் பாடுமாம். போனேன். இரும்புப் பாலத்தின் தகடுகள் மேல் மோட்டார் சைக்கிள்கள் ஓடும் சத்தம்தான் கேட்டது. திரும்பி வந்து சொன்னதும் அவர் கவலைப்படவில்லை. "நிலவு நேரம் போகணும் மிஸ். அப்பவும் சில ஆக்களுக்குக் கேக்கும், சில ஆக்களுக்குக் கேக்காது."

"உங்களுக்குக் கேட்டிருக்கிறதா?"

"எனக்கெங்க நேரம்?"

மறுநாள் காலை நிஸாம் வந்தார். ஓட்டமாவடிக்காரர். நான்கு ஆண்டுகள் கத்தாரில் லாரி ஓட்டிவிட்டு வந்து ஆட்டோ வாங்கியவர். ஆட்டோவின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர், முன்னால் சீடி செட். கதிரவெளி என்றதும் வானத்தைப் பார்த்தார். ரோட்டைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார். கிண்டிப் போட்டுத்தான் இருந்தது.

வாழைச்சேனைக்கு முன்னால் ஜோயலின் சீடியைப் போடச் சொன்னேன். நிஸாம் ஹேண்டில் பாரில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டார்.

"மிஸ், தாளம் எங்கயோ பள்ளத்துல விழுகுதே."

"அது ஐந்து. நீங்கள் நான்கு தட்டுகிறீர்கள்."

"அஞ்சாவது எதுக்கு?"

ஓட்டமாவடிப் பாலத்தில் காத்திருந்தோம். ரயிலுக்கும் வண்டிகளுக்கும் ஒரே பாலம். எது முதலில் வருகிறதோ அது போகும், மற்றது நிற்கும். நிஸாம் இறங்கிப்போய்த் தெரிந்தவர் கடையில் பால் விடாத பிளேன்டீ வாங்கி வந்தார். சீனி அதிகம்.

பனிச்சங்கேணியில் சோதனைச் சாவடி. சண்டை முடிந்து ஓராண்டாகியும் மணல் மூட்டைகள் புதிதாக இருந்தன. இருபது வயதுக்கு மேல் மதிக்க முடியாத சிப்பாய் ஒருவன் என் கடவுச்சீட்டைப் புரட்டினான். பிறகு சீடி உறையைக் கையில் எடுத்தான். நிஸாமின் முகம் மாறியது. இந்த ரோட்டில் பாட்டு சீடி வைத்திருந்ததற்காக ஆட்களை இயக்கப் பாட்டோ என்ற சந்தேகத்தில் நாள்கணக்கில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்று பிறகு சொன்னார். போட்டுக் காட்டச் சொன்னான் சிப்பாய். நிஸாம் போட்டார். பதினொன்றில் அமைந்த பாட்டு. சிப்பாய் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டான். முகத்தில் இரக்கம் தெரிந்தது. சிங்களத்தில் ஏதோ சொல்லி உறையைத் திருப்பிக் கொடுத்தான்.

சாவடி தாண்டியதும் நிஸாம் மொழிபெயர்த்தார். "சீடி கீறல் விழுந்திரிக்கி, குதிச்சுக் குதிச்சுப் போகுது, கடைக்காரன் உங்கள ஏமாத்திட்டான் எண்டு சொல்றான் மிஸ். மாத்தி வாங்கச் சொன்னான்."

கதிரவெளியில் சுனாமி வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. எல்லாம் ஒரே அளவு. கட்டிக் கொடுத்த நிறுவனத்தின் பெயர்ப் பலகை துருப்பிடித்து, எழுத்து போய், கம்பம் மட்டும் நன்றாக இருக்கிறது. சில சுவர்களில் சுனாமிக்குப் பிந்திய ஓட்டைகள். அவற்றைச் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். வண்ணம் பூசாததால் எண்ணிவிடலாம். நான் எண்ணவில்லை.

யோகம்மாவின் வீட்டுக் கொடியில் ஒரு சாரன், ஆண்கள் கட்டும் கைலி, காய்ந்தது. நீலக் கட்டம் போட்டது. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. நாற்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. நான் ஜோயலின் பெயரைச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"நெட்டையா ஒரு தம்பி. மீன் முள்ளு எடுக்கத் தெரியாம இரிந்து அழுதவர். இவர்தான் எடுத்துக் குடுத்த. சுகமா இரிக்காரா?"

முதுகைப் பற்றிச் சொன்னேன். "பாவம். குனிஞ்சு ஒரு வேலையும் செய்யாத ஆளுக்கு முதுகில நோவு" என்றார்.

மின்சாரம் காலையிலிருந்து இல்லை. அதனால் ஆட்டோவில்தான் கேட்க வேண்டியிருந்தது. யோகம்மா கையைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி, பயணம் போகிறவர்போல் நேராக உட்கார்ந்தார். நிஸாம் நான்காவது பாட்டை வைத்தார்.

முதலில் கடல். பிறகு வேலாயுதத்தின் குரல், கரகரப்பாக, மேலே போய்ச் சட்டென்று அறுந்தது. கூட்டம் பதில் கொடுத்தது. மூன்று அடி. மறுபடி அவர், மறுபடி கூட்டம், மூன்று அடி. பிறகு யாரும் இல்லை. மறுபடி முதலிலிருந்து. நான்காவது சுற்றில் அந்த ஏழின்மேல் ஜோயலின் பியானோ மெல்ல வந்து ஏறியது, பிறகு டிரம்ஸ்.

யோகம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சீட்டில் முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். குரல் நின்று வாத்தியங்கள் மட்டும் ஆனபோது நிஸாமின் தோளைத் தட்டினார். "தம்பி, திரும்பப் போடுங்க. இவர் நிண்டாப் பிறகு வேணாம்." இரண்டாம் முறை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நிக்கிறார் பாருங்க அக்கா. இதிலயும் நிக்கிறார்."

"எங்கே?"

"ஆறு அடி வச்சிட்டு ஒண்டு சும்மா விடுறார்தானே. அது எங்கட அண்ணனுக்கு."

கரைவலையில் கயிற்றைப் பிடித்தவர்கள் கடலைப் பார்த்தபடி பின்னால் நடந்து இழுப்பார்கள். வரிசையின் கடைசியில் யோகம்மாவின் அண்ணன் கணபதி. சிறு வயதில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். மணலில் பின்பக்கமாக நடக்கையில் ஆறு அடிக்கு ஒருமுறை அந்தக் காலைக் கையால் தூக்கி வைத்தால்தான் அடுத்த அடி வரும். வேலையை விட்டு நிறுத்தினால் அவருக்கு வேறு தொழில் இல்லை. ஆகவே குரல் கொடுக்கிற வேலாயுதம் ஏழாவதில் ஒன்று விட்டார். அவர் விட்டால் எல்லோரும் நிற்பார்கள். மைத்துனர் காலைத் தூக்கி வைப்பார். வலை வரும்.

"அண்ணன் இப்போது எங்கே?"

"அண்ணனக் கடல் எடுத்திட்டே அக்கா. சுனாமி அண்டு காலையிலயே."

நான் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஜோயல் பதிவுசெய்தது அதற்கு அடுத்த ஆண்டு.

"ஓம். அண்ணன் செத்தும் இவர் மாத்தல்ல. மத்த ஆக்கள் ஏசுவாங்க. வேலாயுதம், கணபதி இல்லையே, ஏன்டாப்பா நிக்கிற, வலையில மீன் போகுது எண்டு. இவர் சொல்ற, போற மீன் போகட்டும், எனக்கு வாய் பழகிட்டு எண்டு."

யோகம்மா என் மடியிலிருந்த உறையை எடுத்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டிருந்ததை விரல் வைத்துப் படித்தார். விரல் பின்பக்கத்தில் ஓரிடத்தில் நின்றது.

"மறைந்த வேலாயுதத்தின் நினைவாக."

சத்தமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆர் சொன்ன?"

வேலாயுதம் இறந்ததை யாரும் பார்த்ததில்லை. சண்டை அருகிலுள்ள வாகரைப் பக்கம் வந்தபோது ஊர் முழுவதும் தெற்கே நடந்தது. பனிச்சங்கேணி தாண்டியபின், புதுக் கயிற்றைக் கரையிலிருந்த வாடிக் குடிசையில் விட்டுவந்துவிட்டதாகச் சொல்லி அவர் திரும்பிப் போனார். "கயிறு போனா தொழில் போயிரும், நீ நட, நான் பின்னால வாறன் எண்டு சொன்னவர். கயிறும் வரல்ல, இவரும் வரல்ல." அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கூட நடந்தவர்களில் சிலர் சொன்னார்கள். முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். யோகம்மா போகாத முகாம் இல்லை. அரசாங்கக் கந்தோரில் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் உதவி கிடைக்கும். அவர் எடுக்கவில்லை.

"நான் கைப்பட எழுதிக் குடுத்தா, மறுகா ஆர் தேடுவாங்க? நீயே செத்திட்டார் எண்டு சொல்லிட்டியே எண்டு கேப்பாங்க. இத அச்சடிச்சு ஊரெல்லாம் வித்தாலும் அதுதானே அக்கா."

"உண்மைதான்."

"ஒண்டு இந்த எழுத்த எடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி அவர்ட குரல எடுக்கச் சொல்லுங்க. ரெண்டும் சேந்து இரிக்க ஏலாது."

அதட்டவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னார். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்.

சோறு, சூடை மீன் குழம்பு, கொஞ்சம் தேங்காய்ச் சம்பல். நிஸாம் ஹலால் பற்றி யோசிப்பதைப் பார்த்துவிட்டு, "மீன்தான் தம்பி. கடல்ல இரிந்து நேர வந்த" என்றார் யோகம்மா. சாப்பிடும்போது கொடியிலிருந்த சாரனைப் பற்றிக் கேட்டேன். "அலுமாரிக்குள்ள கிடந்தா நாறும். அதால மாசத்துக்கு ஒருக்கா அலம்பிப் போடுவன்" என்றார்.

கடற்கரைத் திட்டில் ஏறினால்தான் சிக்னல். ஜோயலை அழைத்தேன். அவர் முதலில் பாட்டு எப்படி இருந்தது, யோகம்மா என்ன சொன்னார் என்றுதான் கேட்டார். உறையைப் பற்றிச் சொன்னேன்.

"அச்சாகி வந்துவிட்டதே. வருகிற வாரம் வெளியீட்டு விழா. மரியாதைக்காகத்தான் அப்படிப் போட்டேன்."

"அவர் இறந்ததைப் பாதிரியார் பார்த்தாரா?"

"பார்த்திருப்பார் என்று..."

"பார்த்தாரா?"

"கேட்கவில்லை."

ஏழாவதைப் பற்றியும் சொன்னேன். கணபதியின் கால், சுனாமி, அதன் பிறகும் விடப்பட்ட ஒன்று.

"அந்த இடத்தில் நான் டிரம்ஸில் ஒரு சிறு தட்டு வைத்திருந்தேன்" என்றார் ஜோயல். "வெறுமையாக இருக்கிறதே என்று. கடைசி நேரத்தில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை." பிறகு, காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு யோகம்மா வீட்டிலேயே தங்கினேன். நிஸாம் ஆட்டோவுக்குள் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் கரைவலை இழுக்கப் போனார்கள். நானும் போனேன். சென்னையில், பட்டினப்பாக்கத்தில், சுனாமிக்குப் பின் நான் பார்த்த மீனவர்கள் கடலுக்கு எதிரில் நின்று பேச மறுத்தார்கள். இங்கே அப்படி இல்லை. வெற்றிலையும் கேலியுமாக இருந்தார்கள். சண்டைக்குப் பிறகு ஆண்கள் குறைந்துவிட்டதால் கயிற்றில் பெண்களும் நின்றார்கள். யோகம்மா வரிசையின் கடைசி ஆள். அண்ணன் நின்ற இடம்.

"கொழும்பில இரிந்து டி.வி.க்காறங்க வந்திரிக்காங்க, எல்லாரும் வயித்த உள்ள இழுங்க" என்றார் ஒரு கிழவர் என்னைக் காட்டி.

"உன்ட வயிறு உள்ள போனா முதுகு வெளிய வரும், சும்மா இழு" என்றாள் முன்னால் நின்ற ஒரு பெண்.

இப்போது குரல் கொடுப்பவர் புதியவர், வாலிபர். நல்ல குரல். மூன்று அடி, மூன்று அடி, மறுபடி மூன்று. நிற்கவில்லை. நிற்கக் காரணமும் இல்லை. வலை சீராக, வேகமாக வந்தது. நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு கரையோரமாக நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஆறு அடிக்குப் பிறகு யோகம்மா நிற்கிறார். கை தளர்கிறது. கயிறு அவருடைய உள்ளங்கைக்குள் ஓர் அடி தூரம் உரசிக்கொண்டு போகிறது. பிறகு பிடித்துக்கொண்டு, எட்டி நடந்து, வரிசையில் சேர்ந்துவிடுகிறார். மறுபடி ஆறு, மறுபடி நிற்கிறார். வலை கரைசேரும்வரை அப்படித்தான். கடைசி ஆள் என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. யாரும் ஏசவும் இல்லை.

மீன் அதிகம் இல்லை. கூறு வைத்துக் கொடுத்ததை அவர் பனையோலைப் பெட்டியில் வாங்கிக்கொண்டார். உள்ளங்கை சிவந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

திட்டில் ஏறியபோது ஜோயலின் செய்தி வந்திருந்தது. 'உறையைக் கிழித்துவிடுகிறேன். புதிதாக அடித்துத்தான் வெளியீடு. விழாவைத் தள்ளிவைத்தாயிற்று. பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.' படித்துக் காட்டினேன்.

யோகம்மா மீன் பெட்டியை இறக்கி வைத்தார். "மத்த ஆக்களுக்கு எப்பிடிப் போட்டிரிக்கி?"

உறையைப் பார்த்துப் படித்தேன். வரிசையாக வாத்தியமும் பெயரும் இருந்தன. பியானோ, ஜோயல். அதன் கீழே பாஸ் கிட்டார், டிரம்ஸ், சாக்ஸபோன்.

"அப்ப அதுக்குக் கீழ போடச் சொல்லுங்க. குரல், வேலாயுதம், கதிரவெளி. அவ்வளவும் போதும்."

சீடியை அவரிடம் கொடுத்தேன். அவர் தட்டை மட்டும் எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு, உறையை என்னிடமே திருப்பித் தந்தார். நிஸாம் ஆட்டோவைக் கிளப்பினார். நான் ஏறி உட்கார்ந்த பிறகு யோகம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அக்கா, புதுசு அடிச்சா எனக்கு ரெண்டு அனுப்பச் சொல்லுங்க."

"சொல்கிறேன். இன்னொன்று யாருக்கு?"

"அவருக்குத்தான். ஒண்டுதான் இரிந்தா, தன்ட குரல் எண்டு என்டதப் பறிச்சுக்கொண்டு போயிருவார்."